பிஸ்டனில் விழுந்த ஓட்டை

சென்ற பொங்கல் விழாவில் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன், பிளஸ் டூ படிக்கும் பையன், என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டான். "அங்கிள், எங்க புதுக் கார் பின்னாடி 'டர்போ'ன்னு எழுதியிருக்கு. நீங்க ரயில்வேயில டர்போ வேலை பார்த்தவர்னு அப்பா சொன்னார். அதைத் தனியா வாங்கிப் பழைய எஞ்சின்ல மாட்டிட முடியுமா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே விளக்கக்கூடிய விஷயமா இது? அடுத்த இலையில் இருந்த நம் இதழாசிரியர், "சார், இதையே எழுதிக் கொடுத்துடுங்களேன்" என்றார். ஆகவே இந்தக் கட்டுரை.

பையனுக்குச் சுருக்கமான பதில்: மாட்ட முடியும். மாட்டியவனை எனக்குத் தெரியும். என் தங்கை மகன்தான். அவன் மாட்டியது காரில் அல்ல, படகில். டர்போ அல்ல, அதற்கு அண்ணன் முறையான சூப்பர்சார்ஜர். மாட்டிய ஆறாவது வாரம் ஒரு பிஸ்டன் உருகி நடுவில் ஓட்டை விழுந்தது. அதற்குப் பெரிய காரணம் நான் டெலிபோனில் சொன்ன யோசனை. முப்பத்தெட்டு வருடம் டீசல் எஞ்சின்களோடு வாழ்ந்தவன் சொன்ன யோசனை எப்படித் தப்பாகப் போயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன். பாடப் புத்தகத்தில் இருப்பதைப் பையன் அங்கேயே படித்துக்கொள்ளலாம்.

தங்கை மகன் அரிசோனாவில் வேலை பார்க்கிறான். நாக்பூர் வெயிலில் வெந்தவர்களுக்கும் அந்த ஊர் வெயில் புதிதாகத்தான் இருக்கும். கோடையில் சனி, ஞாயிறு வந்தால் ஜனங்கள் தண்ணீரைத் தேடி ஓடுகிறார்கள். கொலராடோ ஆற்றின் குறுக்கே 1938-ல் பார்க்கர் அணையைக் கட்டி முடித்தபோது தேங்கிய நீர்தான் ஹவாசு ஏரி. லண்டனில் இருந்த பழைய லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து 1971-ல் திறந்து வைத்தார்களே, அந்த ஊர் இந்த ஏரிக்கரையில்தான் இருக்கிறது. வேகப் படகுக்காரர்களுக்கு இந்த ஏரி திருவிழாத் திடல் மாதிரி. அங்கே ஒரு பழைய படகை 2022-ல் அவன் வாங்கினான். இருபத்திரண்டடி நீளம், உள்ளே செவ்ரோலே கம்பெனியின் 454 என்ற வி-8 பெட்ரோல் எஞ்சின், மேலே நான்கு தொண்டையுள்ள கார்புரேட்டர். 454 என்பது எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். லிட்டரில் சொன்னால் 7.4. நம் ஊர்ச் சின்னக் கார்கள் ஆறேழு சேர்ந்தால் வரும் கொள்ளளவு.

எஞ்சின் என்பது அடிப்படையில் ஒரு காற்றுப் பம்பு. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டுமே. இந்த 454 எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடும்போது, சிலிண்டர்கள் முழுக்க நிரம்பினால், நிமிடத்துக்குச் சுமார் 657 கன அடி காற்றை இழுக்கும். எட்டடிக்கு எட்டடி, பத்தடி உயரமுள்ள ஓர் அறையின் காற்று முழுவதையும் ஒரே நிமிடத்தில் குடித்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பது என்று சொன்னாலும் உண்மையில் வெளியே உள்ள காற்றுமண்டலம்தான் உள்ளே தள்ளுகிறது. அந்தத் தள்ளு சக்தி சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அதற்கு மேல் காற்று வேண்டுமென்றால் யாராவது உள்ளே திணிக்க வேண்டும். திணிக்கும் கருவியை வெளியேறும் புகையின் வேகத்தால் சுழற்றினால் அது டர்போசார்ஜர். எஞ்சினின் தண்டிலிருந்தே பெல்ட் போட்டுச் சுழற்றினால் சூப்பர்சார்ஜர். வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றிலேயே வைத்தவர்களும் உண்டு. 1999-லிருந்து நம் ரயில்வேக்கு வந்த டபிள்யூ.டி.ஜி.4 லோகோவின் டர்போ, குறைந்த நாட்ச்சில் பல்சக்கரங்களால் ஓடும். புகைக்கு வலு வந்த பிறகு கிளட்ச் தானே விடுபட்டு, புகையாலேயே ஓடும்.

தங்கை மகன் வாங்கியது ரூட்ஸ் என்ற வகை. இதன் கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் என்ற இரு சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற கருவி இது. அப்போது மோட்டார் காரே கிடையாது. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதத்தான் பயன்பட்டது. ஒரு கூட்டுக்குள் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழலும். உருளையின் மடல்களுக்கும் கூட்டின் சுவருக்கும் இடையில் அகப்பட்ட காற்றை, வாளியில் மொண்டு ஊற்றுவது போல மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டும். கொட்டுகிற வேகத்தில் எஞ்சினால் வாங்கிக்கொள்ள முடியாதபோது அங்கே அழுத்தம் ஏறுகிறது.

1938-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த '71' வரிசை டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினில் இது ஓர் அங்கம். 6-71 என்றால் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். இரண்டாம் உலகப் போரில் வீரர்களைக் கடற்கரையில் இறக்கிய ஹிக்கின்ஸ் படகுகள் பலவற்றில் ஓடியது இந்த 6-71 எஞ்சின்தான். போர் முடிந்த பிறகு, பழைய லாரி எஞ்சின்களிலிருந்து அந்தப் புளோயரைக் கழற்றிப் பெட்ரோல் எஞ்சினில் மாட்டும் வழக்கம் பந்தயக்காரர்களிடம் பரவியது. இன்றைக்குப் புதிதாகச் செய்து விற்பவர்களும் அதே அளவு, அதே பெயரில்தான் செய்கிறார்கள். ஆகவே இவன் மாட்டிய சாமானின் பூர்வீகம் ஒரு டீசல் எஞ்சின். அதனால்தான் "மாமாவுக்குத் தெரியாத டீசலா" என்று எனக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டான்.

முதல் கூப்பிடலிலேயே எனக்கு ஒரு குழப்பம். அவன் மனைவி பக்கத்திலிருந்து, "மாமா, நாங்க எப்பவும் புளோயரை நாலு நிமிஷம் ஓட விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவோம்" என்றாள். எஞ்சின் சுற்றாமல் எஞ்சினின் பெல்ட்டில் ஓடும் புளோயர் எப்படி ஓடும்? பிறகுதான் தெரிந்தது, அவள் சொன்னது படகின் அடிவயிற்றில் தேங்கும் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் மின்விசிறியை. அதற்கும் பெயர் புளோயர்தான். என் அப்பா காலத்து நீராவி எஞ்சினில் நெருப்பைத் தூண்ட ஒரு புளோயர் இருந்தது. டீசல் லோகோவில் டிராக்ஷன் மோட்டாரைக் குளிர்விக்க ஒரு புளோயர் உண்டு. ஊதுகிறதெல்லாம் புளோயர்தான் போலிருக்கிறது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த ஷெட்டுகளில் ஓடியது பெரும்பாலும் ஆல்கோ எஞ்சின். டபிள்யூ.டி.எம்.2 லோகோவில் பதினாறு சிலிண்டர், 2600 குதிரைத் திறன், டர்போ உண்டு. டீசல் எஞ்சினில் காற்று மட்டும்தான் சிலிண்டருக்குள் அமுக்கப்படுகிறது. எரிபொருள் கடைசி நொடியில் பீச்சப்படுகிறது. காற்று எப்போதுமே தேவைக்கு மேல் இருக்கும். அங்கே வில்லன் கூடுதல் டீசல்தான். ஒருமுறை ஒரு ஷெட்டில் இழுவை குறைவு என்று வந்த லோகோவுக்கு, காற்று வடிகட்டி அடைத்திருப்பதைக் கவனிக்காமல் இளைஞர் ஒருவர் டீசல் அளவைக் கூட்டிவிட்டார். எட்டாவது நாட்ச்சில் வானம் கறுத்தது. புகையின் சூடு ஏறி டர்போவின் தகடுகள் போய்விட்டன. அந்த வேலையின் மேற்பார்வை என்னுடையது. விளக்கம் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். அன்றிலிருந்து "காற்று மிஞ்சினால் தப்பில்லை, எண்ணெய் மிஞ்சக்கூடாது" என்பது எனக்கு வேதவாக்கு.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளக்கும் துளைகளுக்கு ஜெட் என்று பெயர். "மாமா, ஜெட்டைப் பெரிசாக்கணுமா?" என்று தங்கை மகன் கேட்டான். புளோயரின் தலையில்தான் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. புளோயர் இழுக்கும் காற்றெல்லாம் அதன் வழியாகத்தான் போகவேண்டும். காற்று கூடினால் பெட்ரோலும் தானே கூடும். "ஒன்றும் தொடாதே. கொஞ்சம் காற்று மிஞ்சினால் நல்லதுதான், சூடு குறையும்" என்றேன். முதல் வாக்கியம் பாதி சரி. இரண்டாவது வாக்கியம்தான் பிஸ்டனை ஓட்டை போட்டது.

பெட்ரோல் எஞ்சினில் நிலைமை தலைகீழ். காற்றும் பெட்ரோலும் கலந்த பிறகே சிலிண்டருக்குள் போகின்றன. அமுக்கப்படுவது கலவை. ஸ்பார்க் பிளக் பொறி கொடுத்ததும் நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து பரவும். பரவி வருவதற்குள் மறுகோடியில் காத்திருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்தால், அதற்கு டெட்டனேஷன் என்று பெயர். ஸ்கூட்டரில் மேடு ஏறும்போது கேட்குமே ஒரு 'கிணிகிணி' சத்தம், அதுதான். அந்த அதிர்ச்சி, பிஸ்டனின் தலையைக் காத்துவரும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. பிறகு அலுமினியம் எத்தனை நேரம் தாங்கும்?

இதைத் தடுப்பது எது? கூடுதல் பெட்ரோல். நம் நாக்பூர் வீடுகளில் ஏப்ரல் வந்தால் ஜன்னலில் கூலர் வைக்கிறோம். ஈரத் தட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பெட்ரோலும் அப்படித்தான். கணக்குப்படி ஒரு பங்கு பெட்ரோலை முழுக்க எரிக்க எடையில் 14.7 பங்கு காற்று போதும். (மேலே அழுத்தத்துக்குச் சொன்ன அதே எண். வெறும் தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) முழு வேகத்தில் சாதாரண எஞ்சினுக்கு 12.5 பங்கு காற்று என்று கொஞ்சம் கொழுப்பாகக் கொடுப்பார்கள். புளோயர் வைத்தால் 11.5 அளவுக்கு இன்னும் கொழுப்பாகக் கொடுக்கவேண்டும். எரியாமல் போகும் அந்த உபரிப் பெட்ரோல்தான் கூலர் தட்டியில் தெளிக்கும் தண்ணீர். நானோ தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

சூடு எவ்வளவு ஏறுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 35 டிகிரி வெளிக்காற்றை ஆறு பவுண்டு கூடுதல் அழுத்தத்துக்கு ரூட்ஸ் புளோயர் தள்ளினால், வெறும் காற்றாக இருந்தால் அது ஏறக்குறைய 95 டிகிரிக்குப் போய்விடும். இதே வேலைக்கு ஆல்கோவில் டர்போவுக்கும் சிலிண்டருக்கும் நடுவே தண்ணீர் ஓடும் ஆஃப்டர்கூலர் உண்டு. இவன் படகில் அது இல்லை. புளோயருக்குள்ளேயே ஆவியாகும் பெட்ரோல்தான் ஆஃப்டர்கூலர்.

ஜெட்டோடு போயிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். உள்ளே இன்னொரு சங்கதி ஒளிந்திருந்தது. கார்புரேட்டரில் பவர் வால்வு என்று ஒன்று உண்டு. சாதாரணமாக ஓடும்போது மூடியிருக்கும். எஞ்சினுக்குப் பாரம் கூடும்போது திறந்து அதிகப்படி பெட்ரோல் கொடுக்கும். பாரம் கூடியது அதற்கு எப்படித் தெரியும்? கார்புரேட்டருக்குக் கீழே உள்ள வெற்றிட உறிஞ்சலை வைத்து. பாரமில்லாதபோது உறிஞ்சல் அதிகம். பாரம் ஏற ஏறக் குறையும். பாதரச அளவில் ஆறரை அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் வால்வு திறக்கும் என்று அமைத்திருப்பார்கள். நூறு வருட அனுபவத்தில் வந்த அழகான ஏற்பாடு.

ஆனால் நடுவே புளோயரைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? கார்புரேட்டருக்குக் கீழே இருப்பது இப்போது எஞ்சின் அல்ல, புளோயரின் வாய். த்ராட்டிலை முழுக்கத் திறக்காமல் பாதிக்கு மேல் மட்டும் திறந்து ஓட்டும்போது, புளோயர் மேலிருந்து பலமாக உறிஞ்சுகிறது. வால்வு இருக்கும் இடத்தில் ஏழு அங்குல உறிஞ்சல். 'பாரமில்லை' என்று நினைத்து அது மூடியே கிடக்கிறது. அதே நேரம் புளோயருக்குக் கீழே, எஞ்சினின் வாசலில், இரண்டு பவுண்டு கூடுதல் அழுத்தம். எஞ்சின் மூச்சு முட்ட உழைக்கிறது. பெட்ரோல் கொடுக்க வேண்டியவன் தூங்குகிறான். முழு வேகத்தில் ஓட்டினால் உறிஞ்சல் விழுந்து வால்வு திறந்துவிடும், ஆபத்து குறைவு. விபரீதம் நடு வேகத்தில்தான்.

அப்படித்தான் நடந்தது. 2023 ஜூனில் ஒரு ஞாயிறு. படகில் ஆறு பேர், அதில் அவன் குழந்தைகள் இரண்டு. பின்னால் கயிற்றில் ஒரு நண்பன் தண்ணீரில் சறுக்கிக்கொண்டு வந்தான். புளோயர் வைத்த உற்சாகத்தில் இவன் 21 அங்குலப் பிட்ச் புரொப்பெல்லரைக் கழற்றி 25 அங்குலம் போட்டிருந்தான். கனத்த கூட்ஸ் வண்டியை மலைப்பாதையில் ஒற்றை லோகோ இழுக்கிற கதைதான். எஞ்சினால் 4600 சுற்றைத் தாண்ட முடியவில்லை. 4200 சுற்றில் பத்து நிமிடம் ஒரே சீராக ஓடியிருக்கிறது. டெட்டனேஷன் சத்தம் காதில் விழவில்லையா என்று கேட்டேன். "என்ன மாமா, அந்தப் புளோயர் ஊளையிலும் எக்ஸாஸ்ட் சத்தத்திலும் பக்கத்தில இருக்கிறவன் கத்தினாலே கேக்காது" என்றான். திடீரென்று ஒரு தட்டல், நீலப் புகை, எஞ்சின் நின்றுவிட்டது. ஏரி நடுவே, 45 டிகிரி வெயிலில், குழந்தைகளோடு ஒன்றரை மணி நேரம் மிதந்திருக்கிறார்கள். வேறொரு படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார். தங்கை அன்று இரவு எனக்குப் போன் செய்தாள். ஒன்றும் குறை சொல்லவில்லை. "அண்ணா, நீ சொன்னபடிதானே செஞ்சான்?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு இரண்டு வாரம் முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவியது போலச் சின்னப் புள்ளிகள். நான் மசி என்றேன். அவை பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியத் துகள்கள். டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. நான் எங்கே பார்த்தேன்?

அந்த அக்டோபரில் மூன்று மாத விசாவோடு நானே கிளம்பினேன். போவதற்கு முன் பெட்ரோல் எஞ்சினைப் பற்றி, டிப்ளமா படிக்கும் பையன் மாதிரி நோட்டுப் போட்டுப் படித்தேன்.

காரில் புளோயர் வைப்பதைவிடப் படகில் வைப்பது ஏன் கடினம் என்பது அங்கே போய்ப் பார்த்தபோதுதான் உறைத்தது. மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகும் கார் எஞ்சின் இருபது இருபத்தைந்து குதிரைத் திறன்தான் கொடுத்துக்கொண்டிருக்கும். முந்துவதற்குப் பத்து விநாடி அழுத்தினால் அதோடு சரி. படகுக்கு இறக்கம் என்று ஒன்று கிடையாது. எப்போதும் மேடு ஏறுவதுதான். புரொப்பெல்லர் கேட்கும் திறன் சுற்றின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 80 சதவீதச் சுற்றில் பாதித் திறன், கடைசி 20 சதவீதத்தில் மீதிப் பாதி. காரில் பத்து விநாடி தாங்கும் தவறு, படகில் பத்து நிமிடம் தாங்கவேண்டும்.

எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்து, சிலிண்டரைக் கடைசலுக்கு அனுப்பினோம். வார்ப்புப் பிஸ்டன்களுக்குப் பதில் அடித்துச் செய்த பிஸ்டன்கள். அமுக்க விகிதம் 9-லிருந்து 8-க்கு இறக்கினோம். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. புளோயர் கொடுக்கும் பவுண்டை 14.7-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, அமுக்க விகிதத்தால் பெருக்கவேண்டும். கடைப் பெட்ரோலுக்கு விடை 12-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது இந்த வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். முன்பு 9 விகிதம், 7 பவுண்டு: விடை 13.3. இப்போது 8 விகிதம், 5 பவுண்டு: 10.7. இந்தச் சின்னக் கணக்கை யாரும் போடவில்லை, நான் உட்பட.

ஏழை ஐந்தாக்கியது கப்பி மாற்றத்தால். எஞ்சின் தண்டில் 50 பல், புளோயரில் 60 பல் என்று வைத்தால், எஞ்சின் ஆறு சுற்றுச் சுற்றும்போது புளோயர் ஐந்துதான் சுற்றும். 6-71 புளோயர் ஒரு சுற்றுக்கு 411 கன அங்குலம் தள்ளும். எஞ்சின் ஒரு சுற்றுக்கு வாங்கிக்கொள்வது 227 தான். அதனால் இதை எஞ்சினைவிட மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். மடல் இடைவெளிகளில் கொஞ்சம் காற்று திரும்பி ஒழுகும் என்பதால் இறுதியாக எத்தனை பவுண்டு என்பதை மீட்டர்தான் சொல்லும். ஐந்து பவுண்டு கொடுக்கவே புளோயர் எஞ்சினிடமிருந்து இருபது குதிரைத் திறனுக்கு மேல் சாப்பிடுகிறது. இதுவும் கணக்கில் சேரவேண்டும்.

பவர் வால்வுக்குச் செய்தது சின்ன வேலைதான். அது மோப்பம் பிடிக்கும் துளையை அடைத்துவிட்டு, புளோயருக்குக் கீழே மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இழுத்து அதற்குக் கொடுத்தோம். இப்போது எஞ்சினின் உண்மையான பாரம் அதற்குத் தெரியும். ஒரு முழ நீளக் குழாய். அது இல்லாததால் போனது ஓர் எஞ்சின். ஜெட்டையும் பெரிதாக்கினோம். பொறி கொடுக்கும் நேரத்தை 34 டிகிரி முன்னதாக வைத்திருந்தான். ஒரு பவுண்டுக்கு ஒரு டிகிரி குறைப்பது வழக்கம் என்பதால் 29-க்குக் கொண்டுவந்தோம். சூட்டைச் சீக்கிரம் கடத்தும் குளிர்ந்த வகைப் பிளக்குகள் போட்டோம். பழைய பெட்ரோல் பம்பு தாங்குமா என்றும் பார்க்கவேண்டியிருந்தது. 330 குதிரைத் திறனில் முழு வேகத்துக்கு மணிக்குச் சுமார் 100 லிட்டர் போதும்; 415 திறனில், கொழுத்த கலவையோடு, 150 லிட்டர் வேண்டும். நூற்றைம்பது லிட்டர் பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கு! என் மாத பென்ஷனை மனதில் கணக்குப் போட்டு நிறுத்திக்கொண்டேன்.

அடிவயிற்று ஆவி பற்றிச் சொன்னேன் அல்லவா? டீசலோடு பழகியவனுக்கு அந்தப் பயம் இரத்தத்தில் இல்லை. ஷெட்டில் டீசல் சிந்தினால் மரத்தூள் போட்டுக் கூட்டிவிடுவோம். பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். காரில் ஒழுகினால் ரோட்டில் போய்விடும். படகில் அடியில் குளம் மாதிரி தேங்கும். அதனால் அங்கே சட்டமே கடுமை. 1940 ஏப்ரலுக்குப் பின் படகுக்குள் பொருத்திய பெட்ரோல் எஞ்சின் எதற்கும், எஞ்சின் பின்னுக்கு வெடித்தால் நெருப்பு வெளியே வராமல் தடுக்கும் வலை இருந்தாகவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் பொறி வெளியே தெறிக்காத கடல் வகை. கார்புரேட்டர் நிரம்பி வழிந்தாலும் அதன் தொண்டைக்குள்ளேயே வழியும்படி குழாய் வளைத்திருக்கும். கார் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று யாராவது காருடையதை வாங்கி மாட்டினால் அது தற்கொலைக்குச் சமம். தங்கை மகன் வாங்கிய புளோயர் செட்டோடு கார் வகைக் கார்புரேட்டர் ஒன்றும் சும்மா வந்திருந்தது. நல்லவேளை, மாட்டவில்லை. அதை நானே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

புளோயர் வைத்தபின் இன்னொரு கவலையும் சேருகிறது. புளோயரின் வயிறு முழுக்க எரியத் தயாரான கலவை. பின்வெடிப்பு வந்தால் கூடு பிளக்கும். அதற்காக மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறினால் திறக்கும் வால்வு வைப்பார்கள். திறக்கும்போது நெருப்பு எஞ்சின் அறைக்குள் அல்லவா வரும்? அதன் வாயிலும் தடுப்பு வலை வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

சோதனை ஓட்டத்துக்குப் போனது நாங்கள் இருவர் மட்டும். குழந்தைகளைக் கரையில் தங்கையோடு விட்டுவிட்டோம். புகைச் சூடு, ஆக்சிஜன் எல்லாம் அளக்க இன்று கருவிகள் உண்டு. ஆனால் படகின் எக்ஸாஸ்ட்டில் குளிர்விக்கத் தண்ணீரைக் கலந்துவிடுவதால் அங்கே ஆக்சிஜன் சென்சார் நீண்ட நாள் பிழைப்பதில்லை. ஆகவே பழைய முறை. 4200 சுற்றில் இரண்டு நிமிடம் ஓட்டி, சட்டென்று த்ராட்டிலையும் சாவியையும் ஒரே நேரத்தில் அணைத்து, மிதந்தபடியே எட்டுப் பிளக்கையும் கழற்றி பூதக்கண்ணாடியால் பார்ப்பது. பீங்கானின் அடியில் டிகாஷன் குறைந்த காபி நிறத்தில் ஒரு வளையம் இருந்தால் கலவை சரி. வெள்ளை வெளேரென்று இருந்தால் பட்டினி. புள்ளிகள் தெரிந்தால் அப்படியே துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்துவிடவேண்டியதுதான். முதல் தடவை இரண்டு பிளக்குகள் வெளுத்திருந்தன. ஜெட்டை இன்னும் இரண்டு அளவு கூட்டினோம். மூன்றாவது நாள் எட்டும் ஒரே நிறம். அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

புரொப்பெல்லரை 23 அங்குலத்துக்கு இறக்கினோம். எஞ்சின் 5000 சுற்றைத் தொட்டது. முன்பு மணிக்கு 55 மைல் போன படகு இப்போது 61, 62 போகிறது. இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவுதான். திறன் கால் பங்குக்கு மேல் கூடினாலும் வேகம் எட்டில் ஒரு பங்குதான் கூடும், தண்ணீர் அப்படி. நான் தங்கை மகனிடம் மறைக்காமல் சொன்னேன்: இந்தப் பணத்துக்கு இதே குடும்பத்து 8.2 லிட்டர் எஞ்சினை வாங்கி வைத்திருந்தால், புளோயரும் வேண்டாம், இந்தப் பூதக்கண்ணாடியும் வேண்டாம். படகு எஞ்சின் செய்யும் கம்பெனிகளும் அந்தப் பக்கம் சாய்ந்ததுண்டு. மெர்க்குரி கம்பெனி 2004-ல் வெராடோ என்ற ஆறு சிலிண்டர் எஞ்சினைச் சூப்பர்சார்ஜரோடு கொண்டுவந்து நன்றாகவே விற்றது. 2018-ல் அதே திறனுக்குப் புளோயர் இல்லாத பெரிய வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது. அதெல்லாம் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளக்கும் எஞ்சின்கள். கார்புரேட்டர் தொல்லையே கிடையாது.

"ஆனா மாமா, அந்தச் சத்தம் வராதே" என்றான். வாஸ்தவம். ஆல்கோ எட்டாவது நாட்ச்சில் டர்போ பாடுகிற பாட்டைக் கேட்க, டியூட்டி முடிந்தும் பிளாட்பாரத்தில் நின்றவன் நான். அவனை எந்த வாயால் கண்டிப்பது?

கிளம்பும்போது ஓட்டை விழுந்த பிஸ்டனை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தான். விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இப்போது அது என் மேஜை மேல் இருக்கிறது. கேள்வி கேட்ட பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டும். ஓட்டையின் விளிம்பு எப்படி மெழுகு போல உருகி வழிந்து உறைந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கலாம்.